நாற்பதுக்குப் பின்னும் பந்துவீச்சு

கேள்வி: நாற்பது வயதைக் கடந்த பேஸ்பால் பிட்சர் (பந்து எறிபவர்), பாதி வயது இளைஞர்களோடு மோதுவது வீம்புதானே? உரிய நேரத்தில் ஒதுங்குவதல்லவா மரியாதை?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: வீம்பும் கொஞ்சம் இருக்கும், அது இல்லாதவர் பிட்சர் நின்று எறியும் அந்த மேட்டில் ஏறவே மாட்டார். நோலன் ரயன் 1991 மே 1 அன்று, தம் 44ஆவது வயதில், எதிரணிக்கு ஒரு ஹிட் (பந்தை அடித்து முதல் தளத்தையாவது பத்திரமாக எட்டுவது) கூடத் தராமல் ஏழாவது முறையாக ஓர் ஆட்டத்தை முடித்தார். ஆனால் அவருக்கு வேகம் குறையவில்லை. அது வரம், அதில் நாம் கற்க அதிகமில்லை.

எனக்கு வியப்பளிப்பவர் ஜேமி மோயர். முழங்கை அறுவை சிகிச்சையால் 2011 முழுவதும் ஆடாதிருந்து, 2012 ஏப்ரலில், 49ஆவது வயதில், கொலராடோ ராக்கீஸ் அணிக்காக வென்றபோது அவருடைய பந்து மணிக்கு 80 மைலை எட்டவில்லை. அவருடைய ஆயுதம் 'சேஞ்ச்அப்' என்னும் மெதுவான பந்து. அதை விரல்நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைக்குள் பொதித்து, வேகப்பந்துக்குரிய அதே கைவீச்சில் எறிவார்கள். கையின் வேகத்தைப் பார்த்து ஏமாறும் பேட்டர், பந்து வந்து சேருமுன்பே மட்டையைச் சுழற்றிவிடுவார். (சேப்பாக்கத்தில் மெதுவான பந்துக்கு அவசரப்பட்டு அவுட்டானவர்களைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.) ஆகவே அவர் போட்டியிட்டது இளைஞரின் தோள்வலுவோடு அல்ல, அவர்களுடைய பொறுமையின்மையோடு.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். அந்த வெற்றிக்குச் சில வாரங்களிலேயே அணி அவரை விடுவித்துவிட்டது. அவரோ உடனே வேறோர் அணியில் வாய்ப்புத் தேடினார்.