அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு கிராமப்புற கவுண்டிக்கு (மாவட்டம் மாதிரி) குடிபோகிறோம். குப்பை வண்டி வீட்டுக்கு வராதாமே, என்ன செய்வது?

ஆமாம், பெரும்பாலும் வராது. ஊர் எல்லைக்குள் இருந்தால் நகராட்சி வண்டி வரக்கூடும்; வெளியே என்றால் இரண்டே வழி. மாதக் கட்டணம் கட்டித் தனியார் வண்டியை வரவழைக்கலாம். அல்லது, பலரும் செய்வதுபோல, காரில் ஏற்றிக்கொண்டு கவுண்டியின் குப்பை மையத்துக்கு நீங்களே போகலாம். பல கவுண்டிகளில் கார் கண்ணாடியில் ஸ்டிக்கர் வேண்டும். மையம் எந்த நாள் திறந்திருக்கும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நாறும் மூட்டைகளோடு நின்றவன் சொல்கிறேன்.

மறுசுழற்சி அங்கே வெறும் விருப்பமல்ல. பிளாஸ்டிக் பாட்டில்களைக் குப்பைக் கிடங்குக்கு அனுப்பக் கூடாது என்று 2009 முதல் மாநிலச் சட்டமே இருக்கிறது. டிவி, கணினிக்கு 2011 முதல் அதே தடை. அலுமினிய கேன், கார் பேட்டரி, எஞ்சின் ஆயில், டயர் எல்லாவற்றையும் குப்பையோடு சேர்க்காமல் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். டயர் வாங்கும்போதே அதற்கான வரியைக் கட்டிவிடுகிறோம், அதனால் பழைய டயரைப் போட வழக்கமாகக் காசு கேட்கமாட்டார்கள்.

பாட்டில்களைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டிப் போடாதீர்கள். பை, பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொண்டு வேலையையே நிறுத்திவிடும். பையைத் திரும்ப எடுத்து வாருங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், கொல்லையில் கொளுத்திவிடலாமே என்று தோன்றும். உதிர்ந்த இலைக்கு விதிகளுக்கு உட்பட்டு அனுமதி உண்டு. வீட்டுக் குப்பையை எரிப்பது அந்த மாநிலத்தில் எப்போதுமே சட்டவிரோதம்.