வாடகை மலிவா, பள்ளி நல்லதா?

ஆறு வயதுப் பிள்ளையோடு வாடகை குறைந்த புறநகருக்கு மாறுவதா, இல்லை கையைக் கடித்தாலும் நல்ல பள்ளி உள்ள பக்கமே இருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருங்கள் என்பேன். மலிவான பக்கத்தில் மிச்சமாகும் பணத்தில் பெரும்பங்கைப் போக்குவரத்தே தின்றுவிடலாம், கடைசிப் பேருந்து சீக்கிரம் போய்விடும் இடமென்றால் இரவு வேலைக்கும் வழியில்லை.

அமெரிக்காவில் 1990களில் ஒரு சோதனை நடந்தது. ஏழைக் குடியிருப்புகளில் இருந்த சில குடும்பங்களுக்கு, வறுமை குறைந்த பகுதிக்குப் போகக் குலுக்கல் முறையில் வாடகை உதவி தந்தார்கள். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் இன்னும் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 13 வயதுக்குள் அப்படி மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறக்குறைய 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். மாறும்போது அதைவிட வயது கூடியிருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை. பெற்றோர் வருமானமும் ஏறவில்லை (மனநலம் தேறியது, அதுவும் லேசான விஷயமா என்ன).

நல்ல பக்கத்தில் வளர்வது பலன் தரும் வயதில்தான் உங்கள் பிள்ளையும் இருக்கிறது. முடிந்தால் அதே பக்கத்தில் ஒரு அறை குறைவான வீடாகப் பாருங்கள். அப்படியும் மாறத்தான் வேண்டுமென்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் வேலைநாள் காலையில் அங்கிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள், அப்புறம் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, ஆசிரியர்கள் எத்தனை நாள் வேலையில் நிலைக்கிறார்கள் என்று பெற்றோரிடம் கேளுங்கள்.