குடத்தை மச்சிலிருந்து இறக்குங்கள்

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு வயது, கீபோர்டு வாசிப்பாள். மகனுக்கு எட்டு வயது, பாடுவான். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர் ஷார்ஜாவில் இருக்கிறார்கள். நான்கு பேரும் சேர்ந்து ஒரு பாட்டு உண்டாக்கி, சித்திரையில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு எல்லோரும் ஊரில் கூடும்போது போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசை. வீடியோ காலில் பாடினால் ஒருவர் முந்துகிறார், ஒருவர் பிந்துகிறார், குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினோம், இன்னும் மோசம். பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். என் அப்பா பழைய வில்லுப்பாட்டுக்காரர், நாற்பது வருஷம் குடம் அடித்தவர். குடம் இப்போது மச்சில் கிடக்கிறது. பிள்ளைகள் பாடினால் அவரும் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டுவார். அது மைக்கில் விழுவதால் ரெக்கார்டிங் நேரத்தில் படிப்புரைத் திண்ணையில் போய் இருக்கச் சொல்லிவிடுவோம். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார். எந்த ஆப் நல்லது, என்ன மைக் வாங்கலாம்?
— ஒரு வாசகி

பதில்: 2020 ஊரடங்கில் தொடங்கி இந்தக் கேள்வி எனக்கு எத்தனையோ தடவை வந்துவிட்டது. ஊரும் பிள்ளைகளின் வயதும்தான் மாறும். ஆப் பற்றி, மைக் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்.

“அவர் ஒன்றும் நினைக்க மாட்டார்” என்று எழுதியிருக்கிறீர்களே, யாரைக் கேட்டு எழுதினீர்கள்? அவரைக் கேட்டீர்களா?

அவர் படிப்புரையில் இருக்கிற நேரத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். தோளில் தோர்த்து, பக்கத்தில் ஆறிப்போன சாயா. பேரப்பிள்ளைகள் தாளம் தப்புவது சன்னல் வழியாகக் கேட்கிறது. எந்த அடியில் தப்புகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். வாய் திறக்க முடியாது, ஏனென்றால் வெளியே போய் இருக்கச் சொன்னது பெற்ற மகள். ராத்திரி முழுக்க நடக்கும் கொடையில் பாட்டுக்காரரின் மூச்சு எங்கே இழுக்கிறது, கதை எங்கே வேகமெடுக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குடம் அடித்த கை, இப்போது முழங்காலில் சும்மா கிடக்கிறது. இது தவறு. கூசாமல் சொல்கிறேன், பெரிய தவறு. நீங்கள் கெட்ட மகள் என்று நான் சொல்லவில்லை. வேலை மும்முரத்தில் செய்ததுதான், தெரிகிறது. ஆனால் உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டா (தாத்தா) இடைஞ்சல் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டால், அதை அழிக்க எந்த ஆப்பும் கிடையாது.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். வில்லுக்கு வலப்பக்கம் இருப்பவருக்கும் இடப்பக்கம் இருப்பவருக்கும் நடுவே பத்தடி இருந்தாலும், ஒருவர் குரல் மற்றவரை எட்ட நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. சேர்ந்து வாசிக்கிறவர்கள் நொடியில் ஆயிரத்தில் 25, 30 பங்கு தாமதம் வரை சமாளிப்பார்கள். அதற்கு மேல் போனால் ஒருவருக்காக ஒருவர் காத்துக் காத்துப் பாட்டு இழுபடும். ஷார்ஜாவுக்குப் போகிற வீடியோ காலில் அதைப்போலப் பல மடங்கு தாமதம். ப்ளூடூத் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். குரல் விட்டுவிட்டுக் கேட்பதற்கும் காரணம் உண்டு. வீடியோ கால் பேச்சுக்காகச் செய்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார் என்று வைத்து மற்றவர் குரலை அமுக்கிவிடும். சுருதிப்பெட்டியை வைத்தால் ஃபேன் இரைச்சல் என்று அதையும் துடைத்துவிடும். ஆக, பிள்ளைகள் சண்டை போட்டதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. முடியாத வேலையைச் செய்யச் சொல்லியிருக்கிறோம்.

மைக் வாங்க வேண்டாம். பேண்ட்லேப் போல இலவச ஆப் ஒன்று போதும். ஒரே பாட்டில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து தன் பகுதியைத் தனியாகப் பதிந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். வயர் உள்ள சாதாரண இயர்போனைப் போட்டுக்கொண்டு, முதலில் பதிந்ததைக் கேட்டபடி அடுத்தவர் பாட வேண்டும். எல்லோரும் தொடக்கத்தில் அதைக் கேட்டு ஒரே இடத்தில் மூன்று தடவை கை தட்டினால் அப்புறம் பொருத்துவது சுலபம். 2010-லேயே 12 நாடுகளிலிருந்து 185 பேர் இப்படித் தனித்தனியாகப் பாடி அனுப்பியதைச் சேர்த்து ஒரு சேர்ந்திசை வெளிவந்தது. உங்களுக்கு நான்கு பேர்தான்.

ஆனால் முதலில் எதைப் பதிவது? பெரும்பாலும் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் டிக் டிக்கைத்தான் அடியில் போடுவார்கள். உங்கள் வீட்டில் அது எதற்கு? உங்கள் அப்பாவின் குடத்தை அடியில் போடுங்கள். பாளை மட்டை குடத்தின் வாயில் விழும்போது அடிவயிற்றிலிருந்து எழுகிற அந்தக் கும்மென்ற சத்தத்தைக் கேட்டால் ஷார்ஜாப் பிள்ளைகளுக்குத் தாளம் தானாக வரும். டிக் டிக் கடைசிவரை ஒரே நடையில் ஓடும். அவர் கதை சூடாகிற இடத்தில் ஒரு நூல் முந்துவார். அந்த முந்தலைக் காதால் பிடிக்கப் பழகுவதுதான் பிள்ளைகள் கற்க வேண்டிய சேர்ந்திசை. வில்லுப்பாட்டே சேர்ந்திசைதானே! புலவர் ஒரு வரி விட, பின்பாட்டு வாங்கிப் பாட, உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு நடக்கும். நம் ஊரில் இது காலங்காலமாக இருக்கிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவிலில் தொடங்கியதும் வில்லுப்பாட்டில்தான்.

குடத்தைப் பதியும்போது போனைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அடி பலமாக விழுந்தால் சத்தம் கரகரத்துவிடும். ஆறடி தள்ளி ஒரு ஸ்டூலில் வைத்து, ஃபேனை நிறுத்தி, எதிர்ச் சுவரில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். பதிந்த குடத் தாளத்தின்மேல் உங்கள் மகள் கீபோர்டு வாசிக்கட்டும். இயர்போனில் கேட்டு வாசிப்பதால், பாட்டா தட்டுவது மைக்கில் விழுகிற பிரச்சினையும் போய்விடும். அவர் தட்ட வேண்டியதை ஏற்கெனவே தட்டிவிட்டார்.

வீடியோ காலைத் தூக்கிப்போட வேண்டாம். அதை வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டா ஒரு வரி பாடட்டும், ஷார்ஜாப் பிள்ளைகள் தங்கள் மைக்கை மூடிக் கேட்டுவிட்டு, அப்புறம் திறந்து திருப்பிப் பாடட்டும். ஒருவர் பாடி ஒருவர் வாங்கும்போது தாமதம் பெரிதாகத் தெரியாது.

என் ஆச்சி நாற்று நடும்போது பாடுவாள். எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது, கேசட்டும் நிறைய இருந்தது. எல்லாவற்றிலும் ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டைப் பதிந்து வைத்தோம். ஒருமுறை நான் பதிந்துகொண்டிருந்தபோது ஆச்சி சமையல்கட்டிலிருந்து பாடிக்கொண்டே வந்தாள். சத்தம் போடாதே என்று கையைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். அவள் குரல் எந்தக் கேசட்டிலும் இல்லை. அன்றைக்கு அவளும் ஒன்றும் நினைக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். உங்கள் கடிதத்தில் அந்த வரி என்னை ஏன் இப்படி உலுக்கியது என்று இப்போது புரியும்.

பாட்டு எதுவென்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும், சினிமாப் பாட்டானாலும் பரவாயில்லை. அண்ணனுக்கு லிங்க் அனுப்புவதெல்லாம் அப்புறம். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவிடம் போய், “அப்பா, பிள்ளைகளுக்குத் தாளம் நிற்கவில்லை, நீங்கள் வந்து குடம் அடிக்க வேண்டும்” என்று நேராகக் கேளுங்கள். “கை விழாது மக்களே” என்பார். இரண்டாம் தடவையும் கேளுங்கள். மச்சில் ஏறும்போது மகனை ஏணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பழைய மண்குடம், இரண்டு கையாலும் பிடித்து இறக்க வேண்டும்.