உலக அமைப்புக்குத் தலைவர் எந்த நாட்டில் இருக்க வேண்டும்?

கேள்வி: இலங்கை மலையகத்தில் பண்டாரவளைப் பக்கம் ஆறு தேயிலைத் தோட்டங்களில் மாலை வகுப்பும் வாசிப்பறையும் நடத்துகிறோம். தோட்டத்துக்கு ஒரு குழு. டொரன்டோ, லண்டன், டுபாயில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் தமிழ்நாட்டு நீலகிரியின் கூடலூரில் இருக்கும் சொந்தக்காரர்களும் சேர்ந்து உலக அமைப்பு ஒன்றைத் தொடங்கலாம் என்கிறார்கள். தலைவர் எங்கே, வங்கிக் கணக்கு யார் பெயரில் என்பதிலேயே சண்டை வந்துவிட்டது. எப்படி அமைப்பது? – ஓர் ஆசிரியை

டீச்சர், சண்டை இப்போதே வந்தது நல்லது. காசு வந்த பிறகு வந்திருந்தால் குழுவோடு குடும்பங்களும் பிரிந்திருக்கும்.

தலைவர் எங்கே என்ற கேள்விக்கு என் பதில், உலகத் தலைவரே வேண்டாம் என்பதுதான். உங்களுக்குத் தேவை ஒரு தலைமை இல்லை, வெளியூர்க்காரர்கள் மாறி மாறிப் பார்க்கும் ஒரு சிறு செயலகம். பட்டம் கேட்பவர்களுக்குப் போஷகர், அதாவது புரவலர், என்ற பட்டம் இருக்கிறது. தாராளமாகக் கொடுங்கள், வாக்கு மட்டும் வேண்டாம்.

இது புதுமை ஒன்றும் இல்லை. குடியிலிருந்து மீள்பவர்களுக்காக 1935இல் அமெரிக்காவின் ஓஹியோவில் இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. அதன் படத்தை வரைந்தால் உள்ளூர்க் குழுக்கள் மேலே இருக்கும், உலக அலுவலகம் அடியில் இருக்கும். மற்றக் குழுக்களையோ முழு இயக்கத்தையோ பாதிக்காத எதையும் ஒரு குழு தானே முடிவு செய்துகொள்ளலாம். வெளியாரிடம் காசு வாங்குவதில்லை என்றும் ஒரு விதி உண்டு. அதை நாம் அப்படியே பின்பற்ற முடியாது. ஆனாலும் குழுவுக்குள் மாதச் சந்தா ஒன்று, சிறியதாக இருந்தாலும் சரி, பிடியுங்கள். டொரன்டோக்காரர் கோபித்துக்கொண்டு போனாலும் விளக்குக்கும் சோக்குக்கட்டிக்கும் காசு இருக்கும். மரண உதவிச் சங்கமும் கோயில் கமிட்டியும் இத்தனை வருடமாக நடப்பது சந்தாவில்தானே.

செஞ்சிலுவைச் சங்கம் வேறு மாதிரி. 1919இல் உருவான அதன் சம்மேளனத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம்தான் உறுப்பினர். வெளியூர்க்காரர்களுக்கு இந்த மாதிரி பிடிக்கும், கேட்க ஒழுங்காக இருக்கும். உங்களுக்கு ஆகாது. நாட்டுக்கு ஒரு வாக்கு என்றால் கனடாவுக்கு ஒன்று, பிரித்தானியாவுக்கு ஒன்று, டுபாய்க்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று. ஆறு தோட்டங்களுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று! வகுப்பை நடத்துகிறவர்கள் சிறுபான்மையாகி விடுவார்கள். அதனால் தோட்டத்துக்கு ஒரு வாக்கு, வெளியில் இருக்கும் எல்லா ஆதரவு வட்டங்களுக்கும் சேர்த்து இரண்டு என்று வையுங்கள்.

அப்புறம், எதை யார் முடிவு செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் ஒப்பமிட வேண்டும். வகுப்பு நேரம், யார் படிப்பிப்பது, என்ன புத்தகம் என்பதெல்லாம் தோட்டக் குழுவின் வேலை, வெளியார் யோசனை சொல்லலாம். பொதுப் பெயரைப் பயன்படுத்துவது, பொதுப் பெயரில் காசு சேர்ப்பது, பிள்ளைகளின் பாதுகாப்பு விதிகள் ஆகியவை எட்டு வாக்கிலும் முடிவாக வேண்டியவை. அவரவர் நாட்டில் எப்படிச் சேர்ப்பது என்பதை அந்தந்த வட்டம் பார்த்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளின் படத்துக்குத் தனியாக ஒரு விதி எழுதுங்கள். இடிந்த லயத்தின் (தோட்டத்து வரிசை வீட்டின்) முன்னால் அழுக்குச் சட்டையோடு ஒரு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்தால் காசு வேகமாக வரும், உண்மைதான். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். தாய் தகப்பனின் ஒப்புதலோடு அந்தத் தோட்டக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு படமும் வெளியே போகக் கூடாது.

சரி, காசு. இலங்கையில் தொண்டு அமைப்புகளுக்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒரு பிரதேசத்துக்குள் வேலை செய்யும் சிறு குழு முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம். யாப்பு (குழுவின் விதிகள்), கூட்டறிக்கை, நிர்வாகிகளின் விபரம் ஆகியவற்றோடு போங்கள். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்க வேண்டும், இரண்டு ஒப்பம் இல்லாமல் காசு எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். யாருடைய அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்தக் கணக்குக்கு வேண்டாம்.

இங்கிலாந்தில் தொண்டு அமைப்பின் வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால் பதிவு கட்டாயம். கனடாவில் பதிவான தொண்டு நிறுவனம் வெளிநாட்டுக் குழுவுக்குச் சும்மா காசு அனுப்ப முடியாது, எப்படிச் செலவாகிறது என்பதற்கு அது பொறுப்புச் சொல்ல வேண்டும். ஆகவே உங்களிடம் பற்றுச்சீட்டு கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

எல்லோரும் மறப்பது கூடலூரை. தோட்டத் தொழிலாளரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இங்கிருந்து போன குடும்பங்கள் அங்கேயும் தேயிலையில்தான் இருக்கின்றன, அவர்களும் உங்களைப் போலவே வகுப்பு நடத்த ஆசைப்படலாம். ஆனால் இந்தியாவில் ஒரு அமைப்பு வெளிநாட்டுக் காசு வாங்க, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். காசும் முதலில் புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். லண்டனிலிருந்து பண்டாரவளைக்கு அனுப்புவது போல அங்கே அனுப்பினால் அவர்களுக்குத்தான் சிக்கல். அவர்களோடு பாடக் குறிப்பையும் படிப்பிக்கும் முறையையும் பகிர்ந்துகொள்ளுங்கள், அதற்கு அனுமதி தேவையில்லை.

கட்டடத்துக்கென்று யாராவது பெருந்தொகை தர வந்தால் அவசரப்படாதீர்கள். 1992 முதல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன, வாசிப்பறைக்கு ஒரு சுவர் வைக்கவும் துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) எழுத்தில் அனுமதி வேண்டும். இருக்கிற பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) மாலையில் இடம் கிடைத்தால் அதில் தொடங்குவதே மேல்.

அறிக்கை விஷயத்தில் நான் சூடுபட்டவன். நான் இருந்த ஒரு குழுவிடம் வெளிநாட்டு அமைப்பு ஒன்று மாதாமாதம் ஆங்கிலத்தில் நீண்ட அறிக்கை கேட்டது. எங்களில் நன்றாகப் படிப்பித்த பிள்ளை அறிக்கை எழுதவே உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளின் வரவு குறைந்த மாதம் காசையும் குறைத்தார்கள், கொழுந்து நிறை காணாவிட்டால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுவது போல. மழை மாதத்தில் ஏன் பிள்ளைகள் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் மாதம் ஒரு குரல் பதிவு தமிழில் அனுப்புங்கள், அதை எழுதி மொழிபெயர்ப்பது லண்டன் வட்டத்தின் தொண்டாக இருக்கட்டும். வெளியில் இருப்பவர்களும் வேலை கேட்கிறார்கள்தானே.

முகநூல் பக்கம், மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொல் மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் இரண்டு பேர் தோட்டத்தில் இருப்பவர்கள்.

கூட்டத்தை ஞாயிறு இரவு 7.30க்கு வையுங்கள். கோடை காலத்தில் அது லண்டனில் பிற்பகல் 3 மணி, டொரன்டோவில் காலை 10. டுபாயில் எப்போதும் மாலை 6. குளிர் காலத்தில் அது லண்டனில் பிற்பகல் 2 மணியாகவும் டொரன்டோவில் காலை 9 ஆகவும் மாறும். அதை அவர்கள் சமாளிக்கட்டும், உங்கள் நேரத்தை மாற்றாதீர்கள்.