கோத்தகிரி இறக்கத்தில் லீவர் கைப்பிடி வரை வருகிறது: பதில்

உங்கள் சைக்கிளின் டிஸ்க் பிரேக் கெட்டுப்போகவில்லை. உள்ளே இருக்கும் பிரேக் திரவம் கொதிக்கிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் குழுவோடு இறங்கும்போது பாதி வழியில் பிரேக் லீவர் தளர்ந்து கைப்பிடி வரை வந்துவிடுகிறது, நின்று ஆறியதும் சரியாகிறது என்கிறீர்கள். அதுதான் அடையாளம்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் கூட்டம்தான். முன்னால் போகிறவர்களின் வேகத்துக்கு ஒத்துப்போக, விரலை எடுக்காமல் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வருவோம். பிரேக் பிடிக்கும் அந்த டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு) ஆற நேரமே கிடைக்காது. உங்கள் ஸ்ராம் நிறுவன பிரேக்கில் இருப்பது டாட் (DOT) வகை பிரேக் திரவம் என்கிறீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதில் டாட் 5.1 என்ற ரகம் புதிதாக இருக்கையில் 260 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறினால் 180க்கு இறங்கிவிடும். மாற்றி ரொம்ப நாளாகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் வண்டி ஆறியிருக்கும்போது லீவரை நன்றாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நின்றால் சூடுதான் பிரச்சினை. அப்போதும் பஞ்சு மாதிரி அமுங்கினால் திரவம் ஓடும் லைனில் காற்று புகுந்திருக்கிறது, ப்ளீட் செய்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

அடுத்த முறை கடைசி ஆளாக இறங்குங்கள். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். ஏற்றத்தில் கூட்டம் நல்லது. பேச்சுத்துணை, பஞ்சரானால் கை கொடுக்க ஆள். இறக்கத்தில் எனக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம்: ஷிமானோ நிறுவன பிரேக்குக்கு ஊற்றும் மினரல் ஆயிலை உங்கள் பிரேக்கில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப் பாழாகிவிடும்.