கவச வண்டிக்குள் பொதுத் தர மென்பொருள்: கேள்வி பதில்

கே: சார், ராணுவ வண்டிக்குத் தனியாக மென்பொருள் தரம் எதற்கு?

ப: ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கப் படை அவசரத்துக்கு ஒவ்வொரு கருவியாக வண்டியில் பொருத்திக்கொண்டே போனது. ரேடியோ, ஜாமர் (எதிரியின் சிக்னலைத் தடுக்கும் கருவி), வரைபடக் கணினி என்று வந்ததெல்லாம் தன் சொந்தத் திரையும் ஒயரும் ஆண்டெனாவுமாக வந்தன. ஒரே வண்டியில் பல ஜிபிஎஸ் ரிசீவர்கள். ஒன்றின் தகவலை இன்னொன்று எடுத்துக்கொள்ள வழியில்லை. வீரர் உட்காரவே இடம் குறைந்தது. எல்லாக் கருவியும் ஒரே நெட்வொர்க்கில் தகவலைப் பகிர வேண்டும், அதற்குத்தான் அமெரிக்கத் தரைப்படை 'விக்டரி' தரத்தைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 2010-ல் ஜிவிஏ (பொது வண்டிக் கட்டமைப்பு) தரத்தை வெளியிட்டது, ஆவண எண் டெஃப் ஸ்டான் 23-09. அதன் வழியில் வந்தது நேட்டோவின் தரம், ஸ்டனாக் 4754.

கே: இதில் எதைப் பின்பற்றலாம்?

ப: உங்கள் ஒப்பந்தத்தில் எது இருக்கிறதோ அதை.

கே: எங்கள் சென்சாரில் ஈதர்நெட் இருக்கிறது. செருகினால் வேலை செய்யுமா?

ப: செய்யாது. போர்ட் பொருந்திவிட்டால் தகவல் புரிந்துவிடாது. 800 மில் (ராணுவக் கோண அலகு) என்று ஒரு கோணம் வருகிறது என்று வையுங்கள். நேட்டோ கணக்கில் வட்டத்துக்கு 6400 மில், அதாவது 45 டிகிரி. சோவியத் கணக்கில் வட்டத்துக்கு 6000. அதே 800 அங்கே 48 டிகிரி. இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இந்த மூன்று டிகிரி 100 மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். அப்புறம், எங்கிருந்து அளந்தது? உண்மை வடக்கா, காந்த வடக்கா, வண்டியின் முன்பக்கமா? இதற்குத்தான் ஜிவிஏவில் தரவு மாதிரி, அதாவது ஒவ்வொரு தகவலுக்கும் பொருளும் அலகும் சொல்லும் விவரம், இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள்.

கே: டிடிஎஸ்-ல் (கருவிகள் தகவல் பரிமாறும் மென்பொருள் முறை) அனுப்புகிறோம், எதிர்ப்பக்கம் எதுவும் வரவில்லை. பிங் (இணைப்பு இருக்கிறதா என்ற சோதனை) மட்டும் போகிறது.

ப: டொமைன் எண் (எந்தக் குழு), டாபிக் பெயர் (தகவலின் தலைப்பு), டேட்டா டைப் (தகவலின் வடிவம்) இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் க்யூஓஎஸ்தான், அதாவது தகவலை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற அமைப்பு. அனுப்புபவர் 'பெஸ்ட் எஃபர்ட்' (முடிந்தவரை அனுப்புவது) என்று வைத்து, வாங்குபவர் 'ரிலையபிள்' (தவறாமல் சேர்ப்பது) கேட்டால் இரண்டும் சேராது. தலைகீழாக இருந்தால் சேரும். பொருந்தாத க்யூஓஎஸ் பற்றிய அறிவிப்பைப் பிடிக்க லிஸனர் (அறிவிப்பு வந்தால் ஓடும் நிரல்) எழுதாவிட்டால், நாள் முழுக்க ஒயரைத்தான் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கே: எங்கள் கேமராவும் ஈதர்நெட்தான்...

ப: மேலே சொன்னதுதான். போர்ட் போதாது.

கே: எல்லாரும் ஒரே தரம் என்றால், ஒரு ஓட்டை போதுமே எல்லா வண்டியையும் முடக்க?

ப: தரம் சொல்வது இடைமுகத்தை, அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை. உள்ளே ஓடும் நிரல் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. யார் எந்த டாபிக்கில் எழுதலாம் என்று கட்டுப்படுத்த டிடிஎஸ்-க்குத் தனிப் பாதுகாப்புத் தரமும் உண்டு.

கே: எல்லாரும் ஒரே கம்பெனியின் டிடிஎஸ் மென்பொருள் லைப்ரரியை வாங்கினால்?

ப: அப்போது நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மைதான், மறுக்கமாட்டேன். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சுடுவதற்கான இன்டர்லாக்கை (அனுமதி இல்லாமல் சுடவிடாத பூட்டு) பொது நெட்வொர்க்கை மட்டும் நம்பி விடாதீர்கள். தனி ஒயர் போடுங்கள்.

கே: தனி ஒயர் என்றால் பழைய கதைக்கே திரும்புகிறோமே!

ப: இல்லை. டரட் (பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டு) எங்கே பார்க்கிறது, குண்டு ஏற்றியிருக்கிறதா என்ற நிலையெல்லாம் பொது நெட்வொர்க்கில் போகட்டும், எந்தத் திரையும் காட்டட்டும். சுட அனுமதி மட்டும் தனி வழியில் வர வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கே: ரேடியோவில் ஈதர்நெட் இருந்தால்?

ப: மூன்றாவது முறையாக அதே கேள்வி. ரேடியோ அனுப்பும் ஒவ்வொரு புலத்துக்கும் அலகு எழுதிக்கொண்டு வாருங்கள், பேசலாம்.

கே: மின்சாரம்?

ப: 28 வோல்ட் டிசி, அமெரிக்க ராணுவத் தரம் மில் ஸ்டாண்டர்ட் 1275. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் இறங்கும். அப்போது கணினி ரீபூட் ஆகிறதா என்று முதல் வாரமே சோதித்துவிடுங்கள்.