கொட்டில் பக்கம்: கேள்வி-பதில்

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். போன இதழில் மடிவீக்கத்துக்குப் போடும் வலி ஊசி பற்றி எழுதும்போது, செத்த மாட்டைத் தின்னும் பாறுக் கழுகுகளை அந்த ஊசி அழிவின் விளிம்புக்குத் தள்ளிவிட்டது என்றும் ஒரு வரி சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதம் அதிகம்.)

தாளவாடிப் பக்கம் ஏழெட்டுப் பாறுகள் வட்டமடித்ததைக் கண்ணால் பார்த்தேன். அப்புறம் எப்படி 'அழிவின் விளிம்பில்' என்கிறார்கள்? இதை யார் முடிவு செய்வது? - கோபிசெட்டிபாளையம் வாசகர்

நீங்கள் கொடுத்துவைத்தவர். நான் கழுத்து சுளுக்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு வெறுமனே திரும்பிய நாட்கள்தான் அதிகம்.

முடிவு செய்வது ஐ.யூ.சி.என். என்கிற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். 1964 முதல் அது 'செம்பட்டியல்' என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதில் தலையை எண்ணுவதோடு வேலை முடிந்துவிடாது. உங்கள் பட்டியில் நூறு ஆடு நின்றால் நல்ல பட்டிதான். போன பொங்கலுக்கு ஐந்நூறு நின்றது என்று சொன்னீர்களானால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவேன். அவர்கள் கணக்கும் இதுதான். பத்து ஆண்டு, அல்லது அந்த உயிரினத்தின் மூன்று தலைமுறைக் காலம், இரண்டில் எது நீளமோ அதற்குள் 80 சதவீதம் குறைந்திருந்தால் 'மிக அருகிய இனம்'. 50 சதவீதம் என்றால் 'அருகிய இனம்', 30 என்றால் 'அழிய வாய்ப்புள்ள இனம்'. வாழும் பரப்பு சுருங்குவது, முதிர்ந்தவை ஐம்பதுக்கும் கீழே போவது என்று வேறு அளவுகோல்களும் உண்டு.

வெண்முதுகுப் பாறு 1980களில் இந்தியாவில் லட்சக்கணக்கில் இருந்தது. ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் நூற்றுக்கணக்கான இணைகள் கூடு கட்டின. 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் நாடு முழுக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டது. 2000ஆம் ஆண்டே 'மிக அருகிய இனம்' என்று பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். நீங்கள் பார்த்த ஏழெட்டு, அந்த மிச்சத்தில் ஏழெட்டு.

மாட்டுக்குப் போடும் ஊசி கழுகை எப்படிக் கொல்லும்? நம்பும்படியாக இல்லையே. - அந்தியூர் வாசகி

எனக்கும் அப்படித்தான் இருந்தது, அம்மா. காரணம், அந்த ஊசியை ஆண்டுக்கணக்கில் போட்டவன் நான்.

டைக்ளோஃபினாக். விலை மலிவு, பலன் உடனே தெரியும். மடி கல்லாய் இறுகிப் படுத்த மாடு, ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் எழுந்து தவிட்டுத் தண்ணியில் வாயை வைக்கும். "ஏனுங்க டாக்டரு, அதே ஊசியவே போட்டுருங்க" என்று அடுத்த தடவை அவர்களே கேட்பார்கள். நானும் போடுவேன். எல்லா மாடும் பிழைக்காது. செத்ததைத் தோலுரித்துவிட்டு ஊருக்கு வெளியே பள்ளத்தில் இழுத்துப் போடுவார்கள். அப்புறம் அது பாறுகளின் பாடு.

அந்த மருந்து மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகி, யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உறைந்துவிடும். ஒரு பயிற்சி வகுப்பில் அறுத்த பாறின் படத்தைத் திரையில் போட்டார்கள். இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளை. வகுப்பில் இருந்த எல்லோருமே ஊசி போடுகிறவர்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் ஏதோ தொற்றுநோய் என்றுதான் ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கரின் குழு பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்து, 2004இல் காரணத்தை வெளியிட்டது. எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாக நஞ்சிருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு மாட்டைப் பத்து நாற்பது பாறுகள் சூழ்ந்து தின்னும் என்பதை நினைத்துக்கொண்டால் அது விளங்கும்.

அதைத்தான் தடை செய்துவிட்டார்களே? - பவானி வாசகர்

2006இல் கால்நடைக்குத் தடை. மனிதருக்கான 30 மில்லி புட்டி மருந்துக்கடையில் இருந்தது, மாட்டுக்கும் அளவு சரியாக இருந்தது. ஆகவே தடை ஏட்டில் நின்றது. 2015இல் மனிதருக்கான புட்டியையே 3 மில்லிக்கு மேல் போகக்கூடாது என்றாக்கினார்கள். ஒரு மாட்டுக்கு ஐந்தாறு புட்டி உடைக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளுக்கும் கால்நடையில் தடை வந்தது. உங்கள் மருத்துவரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள். பாறுகளுக்குக் கேடில்லை என்று சோதித்துத் தேறிய மருந்து. விலையும் இப்போது எட்டாத உயரத்தில் இல்லை.

2023 பிப்ரவரியில் 246 பாறுகள், டிசம்பரில் 320 என்று செய்தி. பத்தே மாதத்தில் 74 கூடிவிட்டதா? - மேட்டுப்பாளையம் வாசகர்

தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே நேரத்தில் எண்ணிய கணக்கு அது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும், குஞ்சு வளர்ந்து இனம் பெருக்க ஐந்தாண்டு போல ஆகும். ஆகவே 74ம் புதுப் பிறப்பு என்று கொண்டாட முடியாது. எண்ணும் பருவம் மாறினால் கணக்கும் மாறும். மாயாற்றங்கரை நீர்மத்தி மரத்தில் எத்தனை கூடு, அதில் எத்தனை குஞ்சு பறந்தது என்று யாராவது சொன்னால் உடனே காது கொடுப்பேன்.

திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளும் இதேதானா? - செங்கல்பட்டு வாசகி

வேறு வகை. மஞ்சள்முகப் பாறு, உருவத்தில் சிறியது. அதுவும் இன்று 'அருகிய இனம்'. சிறுவனாக அப்பாவோடு மலையேறி, உச்சிவேளையில் குருக்கள் கையால் அது பொங்கல் தின்றதைப் பார்த்திருக்கிறேன். இப்போது வருவதில்லை.

செடி, மரத்துக்கும் பட்டியல் உண்டா? - ஜவ்வாதுமலை வாசகர்

உண்டு. உங்கள் மலைச் சந்தனமே 'அழிய வாய்ப்புள்ள இனம்'. கன்றை நடுகிறவர்கள் தொட்டியில் கூடவே துவரையையும் போடுங்கள். பக்கத்துச் செடியின் வேரை உறிஞ்சித்தான் சந்தனம் பிழைக்கும்.

செத்த மாட்டைப் புதைக்கச் சொல்கிறீர்கள். பாறு எதைத் தின்னும்? - மசினகுடி வாசகர்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பொதுவாகப் புதைக்கச் சொல்வது நோய் பரவாமலிருக்க. அடைப்பான் போன்ற நோயில் செத்ததென்றால் இரண்டாம் பேச்சே இல்லை, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். சிறுத்தை அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் குருணை மருந்து தூவுகிறவர்களும் உண்டு. அதில் சிறுத்தைக்கு முன்னால் பாறுதான் விழும். இது எதுவுமில்லாமல் கிழடு தட்டியோ, கால் முறிந்தோ செத்த மாடென்றால், வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு காட்டோரம் போடலாம். போடுவதற்கு முன், கடைசி ஒரு வாரத்தில் அதற்கு என்ன ஊசி விழுந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். பேர் தெரியவில்லை என்றால் காலிப் புட்டியைக் கொட்டிலின் எரவாணத்தில் தேடுங்கள், அநேகமாக அங்கேதான் செருகி வைத்திருப்பீர்கள்.